லிவர்பூல் பின்களம்: பயப்பட வேண்டிய இடம் எது?

லீக் சாம்பியனும் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணியும் சீசனுக்கு முன் மோதும் கம்யூனிட்டி ஷீல்டு முடிந்த மறுநாளே கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. 2025 ஆகஸ்ட் 10 ஞாயிறன்று வெம்பிளியில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக இரண்டு முறை முன்னிலை பெற்றும் அதைக் காப்பாற்ற முடியாமல் 2-2 என்று நின்று, பெனால்டியில் 3-2 என்று தோற்றது 2024-25 பிரீமியர் லீக் சாம்பியன் லிவர்பூல். கேட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான். அதனால் மற்ற அணிகளைப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். நான் ஆடிய காலமெல்லாம் ஸ்டாப்பராகவே, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவனாகவே ஆடியவன். இப்போது வியாசர்பாடியில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பெரும்பாலும் அதைத்தான். பின்களத்தைப் பற்றிக் கேட்டால் என் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், மிலனிடம் நாலு, பேலஸிடம் ரெண்டு. போன சீசனில் கோப்பை வாங்கிய அணியா இது? "ப்ரீசீசன்தானே, விடு" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. — கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, முதலில் இந்த ப்ரீசீசனில், அதாவது லீக் தொடங்கும் முன் ஆடிய ஆட்டங்களில், வாங்கிய கோல் கணக்கைப் பார்த்துவிடுவோம். பிரஸ்டனிடம் ஒன்று, ஹாங்காங்கில் மிலனிடம் நான்கு, ஜப்பானில் யோகோஹாமா மரினோஸிடம் ஒன்று, ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் அத்லெடிக் பில்பாவோவுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களில் மூன்று, பேலஸிடம் இரண்டு. மொத்தம் 11 கோல். கதவை மூடிக்கொண்டு ஸ்டோக் அணியுடன் ஆடிய ஆட்டத்தில் மட்டும்தான் ஒன்றும் வாங்கவில்லை.

உங்கள் நண்பர்களும் ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. 2019 ஜூலையில் இதே லிவர்பூல் டார்ட்மண்டிடம் 3-2, செவில்லாவிடம் 2-1 என்று தோற்றது. ஸ்போர்ட்டிங்குடன் 2-2. எடின்பரோவில் நாப்போலியிடம் 3-0. கம்யூனிட்டி ஷீல்டில் மான்செஸ்டர் சிட்டியிடம் பெனால்டியில் தோல்வி. அந்தக் கோடையில் ரசிகர்கள் புலம்பாத புலம்பல் இல்லை. அதே அணி அந்த சீசனில் 99 புள்ளிகளுடன் லீக்கை வென்று முப்பது வருடத் தாகத்தைத் தீர்த்தது.

போன வருடத்தையும் பாருங்கள். பயிற்சியாளராக ஆர்னே ஸ்லாட் வந்த புதிதில், அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரியல் பெட்டிஸ், ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட் மூன்று அணிகளையும் வென்று ஒரே ஒரு கோல்தான் வாங்கினார்கள். லீக் தொடங்கியதும் முதல் மூன்று ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த முறை ப்ரீசீசன் காட்டியதே சீசனிலும் நடந்தது. 2019-இல் காட்டியது நடக்கவில்லை. ஆக, கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து இரண்டு பக்கமும் பேசலாம், முடிவுக்கு வர முடியாது.

நான் பார்ப்பது வேறு. ஏழெட்டுப் பேரை மாற்றிய பிறகு, கால் கனத்துப்போன கடைசி இருபது நிமிடத்தில் விழும் கோலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பயிற்சியாளர் அந்த நேரத்தில் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, ஆட்களின் மூச்சைப் பார்க்கிறார். ஆனால் கால்கள் புதிதாக இருக்கும் நேரத்தில், ஒரே பாதையில், வேறு வேறு அணிகள் கோல் போட்டால் அது எனக்குத் தூக்கம் கெடுக்கும். மிலனின் முதல் கோலை ரஃபேல் லெயாவ் 10-வது நிமிடத்தில் போட்டார். பேலஸுக்குப் பெனால்டி கிடைத்து மட்டேட்டா அடித்தது 17-வது நிமிடம். இரண்டிலும் லிவர்பூல் ஆட்கள் தங்கள் கோலை நோக்கித் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். கவலைப்பட வேண்டியது அந்தத் திரும்பி ஓடும் காட்சியைத்தான்.

இன்னொன்று. இந்த ஓட்டை ஜூலையில் விழுந்ததல்ல. போன சீசனில் லிவர்பூல் 38 ஆட்டங்களில் வாங்கியது 41 கோல். அதில் 9 கோல், ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று அடித்துக் கோப்பையை உறுதி செய்த பிறகு ஆடிய நான்கு ஆட்டங்களில் வந்தவை. செல்சியிடம் மூன்று, ஆர்சனலிடம் இரண்டு, பிரைட்டனிடம் மூன்று, பேலஸிடம் ஒன்று. கோப்பை கைக்கு வந்த நிம்மதி என்று அப்போது விட்டுவிட்டோம். அந்த நான்கு ஆட்டங்களில் லிவர்பூல் ஒன்றைக்கூட வெல்லவில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் சின்ன வயசிலிருந்து உதைபந்தாட்டம் பார்க்கிறவன். புதுசா வந்த பேக்குகள், ஓரத்தில நிண்டு தடுக்க வேண்டிய ஃப்ரிம்பொங்கும் கெர்கெஸும் முன்னுக்கு ஓடத்தான் சரி, பின்னுக்கு நிண்டு மறிக்கத் தெரியாது. பழைய வலது பேக் அலெக்சாண்டர்-ஆர்னால்டை மட்ரிட்டுக்கு விட்டது பிழைதானே? — வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டு பாதியோடும் எனக்குச் சண்டை உண்டு.

ஆர்னால்டின் ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிந்தது. அவர் போக முடிவெடுத்துவிட்டார். கிளப் உலகக் கோப்பையில் ஆடவைக்க வேண்டும் என்று ரியல் மட்ரிட் ஒரு தொகை கொடுத்து ஒரு மாதம் முன்னதாகவே அழைத்துக்கொண்டது. அதில் லிவர்பூல் "விட்டது" என்று சொல்ல அதிகம் இல்லை. அவர் இருந்த வருடங்களிலும் இதே ரசிகர்கள் "அவருக்குப் பின்னால் இடம் திறந்து கிடக்கிறது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் போனதும் அவரே நல்ல தடுப்பாட்டக்காரர் போலப் பேசுவது நியாயமில்லை. லிவர்பூல் இழந்தது அவருடைய பாஸை. நாற்பது கெஜத்துக்கு அப்பால், முன்வரிசையில் வலது ஓரத்தில் ஓடும் சலாவின் காலில் போய் இறங்கும் அந்தப் பாஸ் இனி இல்லை.

ஜெரமி ஃப்ரிம்பொங்கைப் பற்றிச் சொல்கிறேன். லெவர்குசென் 2023-24-இல் ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வென்றபோது வலது ஓரத்தில் ஓடியவர் அவர். ஆனால் அங்கே அவர் விங் பேக். பின்னால் மூன்று ஸ்டாப்பர்கள் நிற்பார்கள். அவர் எதிரணியின் கார்னர் கொடி வரை ஓடிப்போனாலும், அவர் விட்டுப்போன இடத்துக்கு வலது பக்க ஸ்டாப்பர் நகர்ந்துவிடுவார். நடுவில் இரண்டு பேர் மிச்சம் இருப்பார்கள். லிவர்பூலில் பின்னால் நாலு பேர்தான். ஃப்ரிம்பொங் போனால் அந்த மூலைக்கு ஸ்டாப்பர் கொனாட்டே போக வேண்டும். கொனாட்டே ஓரத்துக்கு இழுபட்டால் அவருடைய ஜோடி வான் டைக் நடுவுக்கு வர வேண்டும். வான் டைக் நகர்ந்தால் அவருடைய இடத்துக்கு இடது பேக் உள்ளே வர வேண்டும். அந்த இடது பேக் மிலோஷ் கெர்கெஸும் அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் மேலே போயிருந்தால்?

அங்கேதான் சிக்கல். இருவருக்கும் தடுக்கத் தெரியாது என்பது உண்மையல்ல. கெர்கெஸ் போன சீசனில் போர்ன்மவுத்துக்காக 38 லீக் ஆட்டத்திலும் ஆடியவர். தடுக்கத் தெரியாத இருபத்தொரு வயதுப் பையனைப் பிரீமியர் லீக்கில் யாரும் 38 ஆட்டம் ஆடவிட மாட்டார்கள். ஃப்ரிம்பொங்கின் ஓட்டம் எப்படிப்பட்டது என்றால், தாண்டிப்போன ஆளைத் திரும்பிப் பிடிக்கக்கூடிய பேக்குகள் இங்கிலாந்தில் சிலரே இருப்பார்கள், அவர்களில் ஒருவர். வெம்பிளியில் இரண்டாவது கோலையும் அவர்தானே போட்டார்! இருவரும் ஒரே சமயத்தில் புதிதாக வந்திருக்கிறார்கள், இருவரும் ஒரே மாதிரியானவர்கள், யார் எப்போது நிற்பது என்ற பேச்சு இன்னும் அவர்களுக்குள் உருவாகவில்லை. இடது பேக் ராபர்ட்சனும் ஆர்னால்டும் எட்டு வருடம் ஒன்றாக ஆடி உருவாக்கிய பேச்சு அது. ஒருவர் போனால் மற்றவர் நிற்பார், திரும்பிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. அதை ஆறு வாரத்தில் எதிர்பார்க்க முடியாது. டிசம்பரில் கேளுங்கள், அப்போதும் இல்லையென்றால் நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.

ஒன்று மட்டும் ஸ்லாட் இப்போதே செய்யலாம் என்று நினைக்கிறேன். முதல் சில ஆட்டங்களில் கெர்கெஸைக் கொஞ்சம் பிடித்துவைத்து, மூன்றாவது ஸ்டாப்பர் மாதிரி உள்ளே நிற்கச் சொல்லலாம். சலா பின்னால் வந்து உதவுபவர் அல்ல, அவரிடம் அதைக் கேட்கவும் கூடாது. வலது பக்கம் ஏற்கெனவே திறந்தே இருக்கும் என்றால், இடது பக்கத்தையாவது அடைத்துவைக்க வேண்டும்.

கேள்வி: வணக்கம் சார். பேலஸின் ரெண்டாவது கோலுக்கு யார் காரணம்? அண்ணன் கொனாட்டே என்கிறான். நான் வான் டைக் என்கிறேன். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. — பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கோவை

பதில்: இரண்டு பேரும் கோலுக்குப் பக்கத்திலேயே தேடுகிறீர்கள் அம்மா. அந்த 77-வது நிமிடத்தை மறுபடி போட்டு, பந்து கோல் போட்ட இஸ்மைலா சார் காலுக்கு வருவதற்கு முன்பே நிறுத்துங்கள். பாஸ் கொடுத்தவர் ஆடம் வார்ட்டன். அவரைச் சுற்றிப் பாருங்கள். தலையைத் தூக்கிப் பார்க்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

நாங்கள் பையன்களுக்கு முதலில் சொல்லித்தரும் விதி இது. பந்து வைத்திருப்பவன் மேல் நம் ஆள் ஒருவன் ஏறி நிற்கிறானா? அப்படியென்றால் பின்வரிசை மேலே வரலாம், ஏனென்றால் அவனால் தலை நிமிர்ந்து நீளமாக அடிக்க முடியாது. அவன் மேல் ஆள் இல்லையா? அந்த நொடியே பின்வரிசை நான்கு பேரும் ஐந்து அடி, பத்து அடி பின்னால் இறங்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று நடந்தே ஆக வேண்டும். வார்ட்டன் போன்ற பாஸர் ஒருவர் சும்மா நிற்க, பின்வரிசையும் மேலேயே நின்றால், உலகத்தின் எந்த ஸ்டாப்பரை அங்கே நிறுத்தினாலும் கோல் விழும். வாசலில் காவலாளி இல்லாமல் திருடு போன வீட்டில், உள்ளே தூங்கியவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அந்தக் காவலாளி போன சீசனில் ரயான் கிராவன்பெர்ஹ். நான்கு பேருக்கு முன்னால் நின்று, வெட்டி எடுத்து, எதிரணி திரும்பும் முன்பே பந்தை வாங்கிக்கொண்டு போவார். வெம்பிளியில் அவர் ஆடவில்லை, குழந்தை பிறந்த நேரம். நடுவில் தொடங்கியவர்கள் கர்ட்டிஸ் ஜோன்ஸும் சொபோஸ்லாயும். இருவரும் நல்ல ஆட்டக்காரர்கள், ஆனால் இருவருக்கும் பந்தைத் துரத்திக்கொண்டு மேலே போகும் கால். அவர்களுக்கு முன்னால் புதிதாக வந்த விர்ட்ஸ். அவருடைய வேலையும் மேலேதான். மேலே ஐந்தாறு பேர், கீழே நாலு பேர், நடுவில் மைதானம். பேலஸ் மாதிரி வேகமாகத் திரும்பி அடிக்கும் அணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னும் கேளுங்கள். போன சீசனின் கடைசி ஆட்டத்தில் அதே பேலஸுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கியதால், லீக்கின் முதல் ஆட்டத்திலும் கிராவன்பெர்ஹ் கிடையாது. அதனால் முதல் வாரத்தில் இதே காட்சி மறுபடி வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள். அவர் திரும்பிய பிறகும் வந்தால் அப்போது கடிதம் எழுதுங்கள். அண்ணனோடு சமாதானம் ஆகிவிடுங்கள்.

கேள்வி: குவான்சாவை விற்றாகிவிட்டது. கோமெஸுக்குக் காயம். மிச்சம் இருக்கும் ஸ்டாப்பர் ரெண்டே பேர். 2020 ஞாபகம் வருகிறது. பயப்படலாமா? — வங்கி ஊழியர், மதுரை

பதில்: பயப்படுங்கள். இந்த இதழில் வந்த கடிதங்களில் நான் முழு மனதோடு ஒத்துக்கொள்ளும் பயம் இதுதான்.

2020 கோடையில் டெயான் லோவ்ரனை ரஷ்யாவின் ஜெனித்துக்கு விற்றார்கள். நாலாவது ஸ்டாப்பர்தானே, வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம்தானே ஆடுவார் என்று பதிலுக்கு யாரையும் வாங்கவில்லை. அக்டோபர் 17 அன்று எவர்ட்டன் ஆட்டத்தில் எதிரணி கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் மோதியதில் வான் டைக்கின் முழங்கால் போனது, சீசன் முடிந்தது. நவம்பரில் இங்கிலாந்து அணி முகாமில் ஜோ கோமெஸின் முழங்கால். ஜனவரி கடைசியில் மாட்டிப். மூன்று பேரும் போயாயிற்று. ஃபபினியோவையும் ஹெண்டர்சனையும் நடுக்களத்திலிருந்து இழுத்துவந்து பின்னால் நிறுத்தினார்கள். அப்படிச் செய்ததும் பின்னால் போட்ட ஒட்டு முன்னால் கிழிந்தது, நடுக்களத்தில் யாரும் இல்லை.

அந்த ஜனவரியில் பர்ன்லி வந்து ஆன்ஃபீல்டில் 1-0 என்று வென்றது. 68 லீக் ஆட்டங்களாகச் சொந்த மைதானத்தில் தோற்காமல் இருந்த அணி அது. அதிலிருந்து வரிசையாக ஆறு ஆட்டம் ஆன்ஃபீல்டில் தோல்வி. கிளப் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. கடைசி நேரத்தில் ஷால்கேவிலிருந்து ஓசான் கபாக்கைக் கடனுக்கும், பிரஸ்டனிலிருந்து பென் டேவிஸை விலைக்கும் கொண்டுவந்தார்கள். கபாக் சில வாரங்களில் காயம்பட்டார். டேவிஸ் லிவர்பூல் சட்டையில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. அவசரத்துக்கு வாங்கினால் அப்படித்தான் அமையும்.

அந்த அணியைக் கரையேற்றியவர்கள் நாட் ஃபிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும். வில்லியம்ஸ் அதற்கு முந்தைய வருடம் ஆறாம் அடுக்கில் கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்த பையன். அவர்கள் இருவரும் வசதியாகத் தலையால் முட்டித் தள்ளட்டும் என்று வரிசையைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஃபபினியோவைத் திரும்ப நடுக்களத்துக்கு அனுப்பிய பிறகுதான் அணி நிமிர்ந்தது. கடைசியில் மூன்றாம் இடம். வெஸ்ட் பிராமுக்கு எதிராகக் கடைசி நொடியில் கோல்கீப்பர் அலிசனே தலையால் முட்டி கோல் போட வேண்டியிருந்தது, நினைவிருக்கும். ஒரு ஸ்டாப்பராக நான் எந்த அணிக்கும் அவ்வளவு உருகியதில்லை. பயிற்சி முடிந்து பையன்களை உட்காரவைத்து, நாட் ஃபிலிப்ஸ் எப்படி நிற்கிறார் பார், அழகாக ஆட முயற்சிக்கவே இல்லை பார் என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போதைய கணக்கு. ஜாரல் குவான்சாவை ஏறத்தாழ 3 கோடி பவுண்டுக்கு லெவர்குசெனுக்கு விற்றார்கள். ஆசியச் சுற்றுப்பயணத்திலிருந்து கோமெஸ் குதிகால் தசைநார்ப் பிரச்சினையோடு பாதியில் திரும்பினார். வலது பேக் கோனர் பிராட்லிக்கும் காயம். மிச்சம் வான் டைக், கொனாட்டே. கொனாட்டேவின் ஒப்பந்தம் 2026 கோடையில் முடிகிறது, இன்னும் கையெழுத்திடவில்லை. அதே கோடையில் விர்ட்ஸுக்கு 10 கோடி பவுண்டு, முன்கள ஆட்டக்காரர் எகிடிகேவுக்கு ஏறத்தாழ 7 கோடி, கெர்கெஸுக்கு 4 கோடி கொடுத்த கிளப் இது. பணம் இல்லாமல் இல்லை.

பேலஸ் கேப்டன் மார்க் கெஹி, பார்மாவின் பதினெட்டு வயது ஜோவானி லியோனி என்று இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. லியோனி வந்தால் சந்தோஷம், பையனுக்கு உயரமும் தைரியமும் இருக்கிறது. ஆனால் நவம்பர் மழையில், வான் டைக் இல்லாத ஒரு நாளில், லீக் ஆட்டத்தை ஒப்படைக்கக்கூடிய ஆள் வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் தலையில் அந்தப் பாரத்தை வைப்பது பாவம். என் வாக்கு கெஹிக்கு. பிரீமியர் லீக்கில் வருடக்கணக்காக ஆடியவர், இடது பக்கமும் நிற்பார், மற்றவர்களை அதட்டி நிறுத்துவார். ஆட்களை வாங்க செப்டம்பர் 1 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு தயாரான ஸ்டாப்பர் வரவில்லையென்றால், மற்ற எல்லாம் நன்றாக அமைந்தாலும் இந்த ஒரு தவறு சீசனைக் கெடுக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வான் டைக்குக்கு வயதாகிவிட்டதா? — வாசகர், ஈரோடு

பதில்: போன மாதம் 34 முடிந்தது. நேராக ஓடுவதில் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. முதுகைத் திருப்பி ஓட வேண்டியிருக்கும்போது அந்த முதல் இரண்டு எட்டு முன்பைவிட மெதுவாக இருக்கிறது. வெம்பிளியில் பெனால்டி வந்தது அவர் இஸ்மைலா சாரைத் தட்டிவிட்டதால்தான். ஆனால் 34 வயதில் எந்த ஸ்டாப்பரையும் திறந்த மைதானத்தில் ஓடவைத்தால் அதுதான் நடக்கும். அவரை ஓடவைக்காமல் பார்த்துக்கொள்வது முன்னால் நிற்பவர்களின் கடமை.

கேள்வி: ஜோட்டாவை இழந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் இந்த அணியைக் குறை சொல்வது சரியா என்று எனக்கு மனசு உறுத்துகிறது. — செவிலியர், சிங்கப்பூர்

பதில்: எனக்கும் உறுத்துகிறது. ஜூலை 3 அன்று ஸ்பெயினில் ஸமோரா அருகே நடந்த கார் விபத்தில் லிவர்பூல் முன்கள ஆட்டக்காரர் தியோகோ ஜோட்டாவும் தம்பி ஆந்த்ரே சில்வாவும் இறந்தார்கள். ஜோட்டாவுக்கு 28 வயது, திருமணமாகிப் பதினோரு நாள். பத்து நாள் கழித்து பிரஸ்டனில் அந்த ஆட்டக்காரர்கள் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். எப்படி இறங்கினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உடை மாற்றும் அறையில் பக்கத்து இருக்கை காலி. அவருடைய 20-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று கிளப் அறிவித்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் ஆடிய ஆட்டங்களில் ஒரு நொடி தாமதமாகத் திரும்பியவரையும், கவனம் சிதறியவரையும் பெயர் சொல்லித் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் மேலே யாருடைய தனிப்பட்ட பிழையையும் நான் நீட்டவில்லை.

ஜோட்டாவைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அவருடைய கோல்களைச் சொல்கிறார்கள். நான் அவருடைய ஓட்டத்தைச் சொல்வேன். பந்து பறிபோன அடுத்த நொடியில் எதிரணி ஸ்டாப்பர் மேல் போய் விழுபவர் அவர். லூயிஸ் டியாஸும் அப்படித்தான், அவர் இப்போது பயர்னில். டார்வின் நுன்யெஸ் கோல் தவறவிட்டார் என்று கேலி செய்தோம், ஆனால் துரத்துவதில் அவருக்குச் சோம்பல் இருந்ததில்லை. அவரும் அல்-ஹிலாலுக்குப் போய்விட்டார். ஒரே கோடையில், பந்தைத் திரும்பப் பிடுங்க முன்னால் ஓடிய மூன்று பேர் இந்த அணியில் இல்லாமல் போனார்கள். பின்னால் நான்கு கோல் விழுகிறது என்று பேசும்போது நாம் பார்க்காமல் விட்டது இதைத்தான். எகிடிகேவும் விர்ட்ஸும் ஓடக்கூடியவர்கள். எப்போது சேர்ந்து ஓடுவது, யார் முதலில் கிளம்புவது என்பது பழக வேண்டிய விஷயம். அது பழகும் வரை வார்ட்டன்களுக்குத் தலை நிமிர நேரம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

குறை சொல்வது வேறு, கவலைப்படுவது வேறு. நீங்கள் கவலைப்படலாம் அம்மா.

கேள்வி: மகனுக்கு பதின்மூன்று வயது. பள்ளி அணியில் வலது பேக். லிவர்பூல் ஆட்டம் பார்க்கும்போது எதைக் கவனிக்கச் சொல்லட்டும்? — தந்தை, தூத்துக்குடி

பதில்: பந்தைப் பார்க்காதே என்று சொல்லுங்கள். கடினம்தான், பத்து நிமிடம் முயற்சி செய்யட்டும். பந்து இடது ஓரத்தில் இருக்கும்போது வலது பேக் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்கட்டும். தன் ஸ்டாப்பரிடமிருந்து எவ்வளவு தூரம், உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தோளுக்குப் பின்னால் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார். தொலைக்காட்சியில் பந்து இருக்கும் பக்கத்தைத்தான் காட்டுவார்கள், அதனால் பாதி நேரம் வலது பேக் திரையிலேயே இருக்க மாட்டார். உள்ளூர் ஆட்டம் எங்காவது நடந்தால் அழைத்துப்போய் கோலுக்குப் பின்னால் நிற்கவையுங்கள். அங்கிருந்து பார்த்தால் நான்கு பேரின் வரிசையும் நேராகத் தெரியும்.

ராபர்ட்சன் ஆடும் நாட்களில் அவரைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் இடது பக்கம் என்றாலும் பரவாயில்லை. மேலே போவதற்கு முன் ஒரு கணம் பின்னால் பார்ப்பார். பல பையன்களுக்கு அந்த ஒரு கணம் வருவதே இல்லை. ஓடத்தான் ஆசை.

கேள்வி: முதல் ஆட்டம் நம் நேரப்படி எப்போது? என்ன முடிவு வரும்? — வாசகர், புதுச்சேரி

பதில்: ஆகஸ்ட் 15 வெள்ளி இரவு, ஆன்ஃபீல்டில் போர்ன்மவுத்துடன். நமக்கு நள்ளிரவு தாண்டி 12.30, அதாவது 16-ஆம் தேதி பிறந்துவிடும். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஆட்டம் முடிந்திருந்தாலும் இருக்கலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

போர்ன்மவுத்தின் நிலை இன்னும் மோசம். ஹ்யூசன் ரியல் மட்ரிட்டுக்கு, ஸபார்னி பாரிசுக்கு, கெர்கெஸ் நம்மிடம். பின்வரிசை நான்கில் மூன்று பேர் இல்லை. எனவே லிவர்பூலுக்கு கோல் கிடைக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவர்களின் பயிற்சியாளர் இராவோலாவின் அணி பந்தைப் பறித்ததும் நேராக ஓடும் அணி. அன்டோயின் செமென்யோ பாதி மைதானத்திலிருந்து ஓடத் தொடங்கினால், கிராவன்பெர்ஹ் இல்லாத நடுக்களத்தில் அவரை நிறுத்த ஆள் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. லிவர்பூல் கார்னர் அடிக்கும் நேரங்களில் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று பேர் இருந்தால் நான் நிம்மதியாகப் பார்ப்பேன், இரண்டு பேர் என்றால் எழுந்து நிற்பேன்.

லிவர்பூல் வெல்லும். கோல் வாங்காமல் வெல்லாது.